கயிற்றுக் கூறு

திருகோணமலை
18 பெப்ரவரி 2024

அன்புள்ள மாகிரட் அக்காவுக்கு,

மாதாவின் காவலில் நானும் அஞ்சலினாவும் சுகம். பலெர்மோவில் உங்களுக்கும் அத்தானுக்கும் குளிர் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

கடிதத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். ஒருவரும் சாகவில்லை. கோபத்தில்தான் எழுதுகிறேன். நீங்கள் போன் எடுத்தும் நான் ஏன் கதைக்கவில்லை என்று அஞ்சலினாவைக் கேட்டீர்களாம். நானே சொல்கிறேன். வீடியோவில் நீங்கள் என்னோடு கதைப்பதில்லை, என் முகத்தைக் காவல் காக்கிறீர்கள். நான் சொண்டைத் துடைத்தால் "என்னடா, என்ன செய்யுது?" என்கிறீர்கள். கண்ணைச் சிமிட்டினால் அத்தானைக் கூப்பிடுகிறீர்கள். போன கிழமை நான் கொட்டாவி விட்டதற்குச் செபமாலையைக் கையில் எடுத்துவிட்டீர்கள். இனிமேல் கடிதம் எழுதுங்கள். கடிதத்தில் முகம் தெரியாது, சொல்வதையாவது கேட்பீர்கள்.

இன்னொன்று. உங்கள் தமிழ்ப் பூசையில், நோயாளிகளுக்கான மன்றாட்டில், ஒவ்வொரு ஞாயிறும் இக்னேசியஸ் என்று என் பேரை வாசிக்கிறார்களாம். அங்கே இருக்கும் நம்முடைய ஊர்ச் சனம் நான் பாயில் கிடக்கிறேன் என்று நினைத்திருக்கும். கரைவலைச் சம்மாட்டி அபூதாஹிர் காக்காவின் தோணியில் முன்தண்டு பிடித்தவன் நான். அதை அங்கே யாரும் வாசிப்பதில்லை.

கரையிலும் இதே கதைதான். கரைவலை இழுத்து மீனோடு வலையின் மடி கரை சேர்ந்ததும், வியாபாரி வரமுன் கறிக்கு மீன் பிரிப்பது உங்களுக்குத் தெரியும். கயிறு பிடித்தவர்களுக்கு ஒரு கூறு, பிடிக்க ஏலாத வயசாளிகளுக்கும் நோயாளிகளுக்கும் புறம்பாக ஒரு கூறு. போன வருசம் கயிறு இழுக்கும்போது எனக்கு வலிப்பு வந்ததே, அன்று காக்கா தன் மோட்டார் சைக்கிள் சாவியை என் கைக்குள் திணித்தார். கூடக் கயிறு பிடித்த றம்ஸான் பல்லுக்கு நடுவில் கரண்டியை வைத்தான். சாவியால் வலிப்பு நிற்கவில்லை, கரண்டியால் முன்பல் போனது. அன்றிலிருந்து காக்கா என்னைத் தோணியிலும் விடுவதில்லை, கயிற்றிலும் விடுவதில்லை. தோணி சரி, டொக்டரே வேண்டாம் என்றார். ஆனால் கயிறு மணலில்தானே கிடக்கிறது.

இந்த வருசம் முதல் வலையில் எனக்கு ஏலாதார் கூற்றில் மீன் வைத்தார்கள். நல்ல பாரை. அஞ்சலினா வாங்கி வந்தாள். நான் அதைப் பூனைக்குப் போட்டேன்.

அத்தானுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

தம்பி
இக்னேசியஸ்

•

பலெர்மோ
15 மார்ச் 2024

அன்புள்ள தம்பிக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே சுகம். எனக்குக் குனிய நிமிர விடாத வழக்கமான நாரி நோ மட்டும்தான். அத்தானுக்கு ஒரு குறையும் இல்லை, நன்றாகச் சாப்பிட்டு நன்றாக நித்திரை கொள்கிறார்.

கலியாணம் கட்டி வந்த பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. பேனா விரலுக்குள் அடங்கி நிற்கவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அம்மா உன்னைத்தான் சொல்வா. பாரை மீனைப் பூனைக்குப் போட்டாயா? நான் இங்கே பாரையைக் கண்ணால் கண்டு எத்தனை வருசம். அடுத்த முறை கோபம் வந்தால் மீனைச் சாப்பிட்டுவிட்டுக் கோபி.

முகத்தைக் காவல் காக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். ஓம், காக்கிறேன். கடலுக்கு இந்தப் பக்கம் இருந்து வேறு எதைக் காப்பது? ஆனாலும் நீ சொன்னது சுட்டது. இனிக் கடிதம்தான்.

மன்றாட்டில் இருந்து உன் பேரை எடுக்க மாட்டேன். அது உனக்கும் எனக்கும் இடையில் உள்ள விசயம் இல்லை.

குளிசையைத் தவறாமல் போடு. நித்திரை முழிக்காதே. அஞ்சலினா முந்தி எனக்குக் குரல் செய்தி அனுப்பினால் அரைமணித்தியாலம் ஓடும். இப்போது "ஓம் மச்சாள், சுகம் மச்சாள்" என்று முடித்துவிடுகிறாள். ஏன்?

அன்புடன்
அக்கா

•

திருகோணமலை
8 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்துகள். நான் நல்ல சுகம்.

கிளினிக்கில் குளிசையை மாற்றினார்கள். புதுக் குளிசை போடத் தொடங்கிய பிறகு வலிப்பு வரவே இல்லை. டொக்டருக்கு நல்ல சந்தோசம். கொப்பியில் எழுதிவிட்டு, இப்படியே போகட்டும் என்றார். ஆகவே நான் நல்ல சுகம்.

இங்கே வெயில் தொடங்கிவிட்டது. துறைமுகத்துக்குப் பெரிய கப்பல் ஒன்று வந்து நிற்கிறது என்று சொன்னார்கள், நான் போய்ப் பார்க்கவில்லை. கரைக்கும் போவதில்லை. குசினிக் கதிரை ஒன்று உடைந்துவிட்டது, வேறு வாங்க வேண்டும். அஞ்சலினாவுக்கு வேலை கூட, அதனால்தான் கதைக்க நேரமில்லை.

எழுத வேறு புதினம் இல்லை. நான் நல்ல சுகம் என்று அத்தானுக்கும் சொல்லுங்கள்.

தம்பி
இக்னேசியஸ்

•

பலெர்மோ
2 மே 2024

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நாரிதான் கொஞ்சம் மோசம், இந்தக் கிழமை இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை.

உன் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். இவ்வளவு சின்னக் கடிதத்தில் இத்தனை தரம் நல்ல சுகம் என்று எழுதுகிறவன் சுகமாக இருக்க மாட்டான். துறைமுகத்துக்குக் கப்பல் வந்தால் சாப்பாட்டுக் கோப்பையோடு ஓடிப் போய்ப் பார்க்கிறவன் நீ. இப்போது சொன்னார்களாம், போகவில்லையாம்.

மற்றது, குசினிக் கதிரை. அது அப்பாவின் பாலை மரக் கதிரை. பாலைக் கதிரை தானாக உடையாது. எப்படி உடைந்தது?

முகம் தெரியாமல் எழுதலாம் என்றுதானே கடிதம் கேட்டாய். அப்படியென்றால் எழுது.

அக்கா

•

பலெர்மோ
20 ஜூன் 2024

தம்பி,

உன்னிடம் இருந்து ஒன்றும் இல்லை. அஞ்சலினாவுக்குப் போன் எடுத்தேன். "அவர் தானே எழுதுவார் மச்சாள்" என்றாள், பிறகு அழுதாள், பிறகு மூக்கை உறிஞ்சித் தடிமன் என்றாள்.

நீ எழுதாவிட்டால் நான் எழுதுகிறேன். அத்தானைத் தவிர ஒருவருக்கும் தெரியாத விசயம் இது.

நான் இங்கே வந்த இரண்டாம் வருசம் என் நாரி பிடித்துப் படுத்துவிட்டேன் என்று உங்கள் எல்லோருக்கும் சொன்னோம். நீ வைத்தியரிடம் எண்ணெய் வாங்கிப் பார்சலில் அனுப்பினாய். தம்பி, எனக்கு நாரியில் ஒன்றும் இல்லை. எனக்கு எழும்ப ஏலாமல் இருந்தது. விடிந்தால் ஏன் விடிந்தது என்று இருக்கும். குளிக்க மனம் இல்லை, செபிக்க மனம் இல்லை. அத்தான் சோறு தீத்தினார். கடைசியில் மனநல டொக்டரிடம் கூட்டிப் போனார். மருந்தும் தந்தார்கள், கிழமைக்கு ஒருமுறை ஒரு பெண்ணோடு கதைக்கவும் வைத்தார்கள். எனக்கு இத்தாலியன் பாதிதான் விளங்கும், அவளுக்கு என் இத்தாலியன் பாதிதான் விளங்கும். அப்படியும் சுகமானது.

ஏன் மறைத்தேன்? வெட்கம். நாரி நோ என்றால் சனம் எண்ணெய் அனுப்பும். மனம் சரியில்லை என்றால் என்ன அனுப்பும் என்று எனக்குத் தெரியாது. நம்முடைய குடும்பத்துக்குப் பெருமை கொஞ்சம் கூட. நான் நாரியை வைத்து மறைத்தேன். நீ எதை வைத்து மறைக்கிறாய்?

அக்கா

•

திருகோணமலை
9 ஜூலை 2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை அஞ்சலினாவுக்கும் வாசித்துக் காட்டினேன். கோபிக்க வேண்டாம். வாசித்து முடிய அவள் அதை வாங்கித் தானும் ஒருமுறை வாசித்தாள். அந்த எண்ணெய்க்காக நான் கட்டைபறிச்சான் வைத்தியர் வீடு வரைக்கும் போனேன் என்பது ஞாபகம் வந்து, பிறகு சிரித்தோம். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டுக் கனகாலம்.

கதிரையைச் சுவரில் எறிந்து உடைத்தவன் நான். அஞ்சலினா பக்கத்தில் நின்றாள், கொஞ்சம் தள்ளிப் பட்டிருந்தால் அவள் மேல் பட்டிருக்கும். தேத்தண்ணீரில் சீனி குறைவு, அதுதான் காரணம். என் கையை எனக்கே தெரியவில்லை. புதுக் குளிசை தொடங்கிய பிறகு இப்படித்தான். முதலில் எல்லாவற்றுக்கும் கோபம். பிறகு கோபமும் போய், ஒன்றும் இல்லை. விடிந்தால் ஏன் விடிந்தது என்று எழுதினீர்களே, அதேதான். விடியாமல் போனால் எல்லோருக்கும் ஆறுதல் என்று நினைத்த நாளும் இருந்தது. இதை அஞ்சலினாவிடம் நேற்றுத்தான் சொன்னேன்.

கிளினிக்கில் சொல்லலாமே என்பீர்கள். அங்கே கேட்பது ஒரே கேள்விதான்.

"வலிப்பு வந்ததோ?"

"இல்லை டொக்டர்."

அவருடைய முகம் மலரும். வெளியே நூறு பேர் காத்திருக்கிறார்கள். வலிப்பை நிறுத்திக் கொடுத்த மனுசனிடம் போய், நான் அழுகிறேன் என்று எப்படிச் சொல்வது? என் குணம்தான் கெட்டுப்போனது, விசுவாசம் குறைந்துபோனது என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா, நீங்கள் அந்த டொக்டரிடம் முதலில் என்ன வார்த்தை சொன்னீர்கள்? அதை எழுதுங்கள். அடுத்த கிளினிக் ஓகஸ்ட் தொடக்கத்தில்.

தம்பி

•

பலெர்மோ
23 ஜூலை 2024

என் தம்பிக்கு,

இது வந்து சேர முதலே அஞ்சலினாவுக்குப் போன் எடுத்துவிட்டேன். அதற்குக் கோபிக்கிறது என்றால் கோபி. இனி அந்த நினைப்பு வந்தால், வந்த அந்த நிமிசமே அவளிடம் சொல்ல வேண்டும், தனியே இருக்கக் கூடாது. மற்றது, கோபத்தில் குளிசையை நீயாக நிறுத்திவிடாதே. நிறுத்துவதும் மாற்றுவதும் டொக்டரின் வேலை.

முதல் வார்த்தை கேட்டாய். நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, அழுதேன், அத்தான்தான் சொன்னார். உனக்கு அது சரிவராது, நீ பெருமைக்காரன். ஆகவே இப்படிச் சொல்: "டொக்டர், வலிப்பு இல்லை. ஆனா நான் நானாக இல்லை." இவ்வளவும் போதும். மிச்சத்தை அவர் கேட்பார். நீ வாயை மூடிக்கொண்டால் சொல்வதற்கு அஞ்சலினாவையும் கூட்டிப் போ.

உன் குணம் கெடவில்லை. உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான், எனக்குத் தெரியாதா?

அக்கா

•

திருகோணமலை
20 ஓகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் இருக்கிறோம். சுகம் என்று எழுத இப்போது பயமாக இருக்கிறது, நீங்கள் எண்ணிப் பார்ப்பீர்கள்.

சொன்னேன். நீங்கள் எழுதித் தந்த வசனத்தை வாசலில் நின்று பாடமாக்கி, உள்ளே போய் அப்படியே சொன்னேன். டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இதை ஏன் முந்தியே சொல்லேல்லை?"

"நீங்கள் கேட்கேல்லை டொக்டர்."

அஞ்சலினா என் காலை மிதித்தாள். டொக்டர் கோபிக்கவில்லை. கேட்டிருக்கத்தான் வேணும் என்றார். அந்தக் குளிசை சிலருக்குக் கோபத்தையும் மனச்சோர்வையும் கொண்டுவருமாம். அதைப் படிப்படியாகக் குறைத்து வேறொன்று தொடங்கியிருக்கிறார். மாறும் காலத்தில் வலிப்பு ஒன்று வந்தாலும் வரலாம், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். பிறகு மனநலப் பிரிவுக்கு ஒரு துண்டு எழுதித் தந்தார்.

அங்கே நோயாளிகளோடு இருந்து கதைக்க மைமூனா மிஸ் என்று ஒருவர் இருக்கிறா. வலிப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "உங்கட ஒரு நாள் எப்படிப் போகுது?" என்று மட்டும் கேட்டா. நான் ஏலாதார் கூற்றில் தொடங்கினேன். பூனைக்குப் போட்டது வரைக்கும் சொன்னேன். அவ சிரிக்கவில்லை. "வலிப்பு வருத்தம் மூளையில எண்டாலும், அதோட வாழ்ந்து களைக்கிறது மனசுதான். ரெண்டையும் பார்க்கோணும்" என்றா. பிறகு, "உங்களக் கயித்துல விடாததுக்குக் காரணம் என்ன எண்டு அவரிட்டக் கேட்டீங்களா?" என்றா. நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

போய்க் கேட்டேன். அபூதாஹிர் காக்கா வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டு இருந்தார். நிமிராமலே சொன்னார்.

"நீ ஏலாதவன் எண்டு இல்லடா தம்பி. நீ விழுந்தா என்ன செய்யிற எண்டு எங்களுக்குத் தெரியாது. அண்டைக்கு உன்ர பல்ல உடைச்ச பிறகு றம்ஸான் ரெண்டு நாள் தின்னல்ல. எங்களுக்குப் பயம்."

அக்கா, இத்தனை மாதம் நான் அவருடைய பயத்தை இளக்காரம் என்று நினைத்திருக்கிறேன்.

மைமூனா மிஸ்ஸிடம் எல்லாம் கேட்டுக்கொண்டு மறுநாள் கரைக்குப் போனேன். எல்லோரையும் கூப்பிட்டு, மணலில் படுத்து, வலிப்பு வந்தவன் போலக் கையைக் காலை உதறிக் காட்டினேன். அஞ்சலினா தலையில் அடித்துக்கொண்டாள். ஒவ்வொருவராக வந்து என்னைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும், தலைக்குக் கீழே சாரத் துணியை மடித்து வைக்க வேண்டும், மணிக்கூடு பார்க்க வேண்டும். சாவி வேண்டாம், கரண்டி வேண்டாம், வாயில் தண்ணீர் வேண்டாம், அமத்திப் பிடிக்கவும் வேண்டாம். ஐந்து நிமிசம் தாண்டினால் அம்புலன்சுக்கு அடிக்க வேண்டும். றம்ஸான் முதல் தடவையே சரியாகச் செய்தான். காக்கா என்னை மீன்பெட்டி போலப் புரட்டினார், திரும்பத் திரும்பச் செய்ய வைத்தேன். சம்மாட்டிக்கே பாடம் எடுத்தவன் இந்தக் கரையில் நான்தான்.

இப்போது கயிற்றில் கடைசி ஆள் நான். மற்றவர்களைப் போல இடுப்பைக் கயிற்றோடு பிணைக்கும் பட்டி கட்டுவதில்லை, தண்ணீரில் இறங்குவதில்லை. காய்ந்த மணலில் நின்று, வரும் கயிற்றை இழுத்துச் சுருட்டி அடுக்குகிறேன். கயிறு சிக்கினால் மறுநாள் தோணி போக ஏலாது, ஆகவே சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம்.

உங்கள் நாரி இப்போது எப்படி? முதுகை நான் கேட்கவில்லை.

தம்பி
இக்னேசியஸ்

•

திருகோணமலை
22 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் பதில் இன்னும் வரவில்லை. தபால் தாமதமா, நீங்கள் தாமதமா தெரியாது. எனக்குப் பொறுக்க ஏலாமல் இதை எழுதுகிறேன்.

வியாழக்கிழமை கயிற்றில் நிற்கும்போது வலிப்பு வந்தது. பயப்படாமல் வாசியுங்கள். எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை, றம்ஸான் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

நான் விழுந்ததும் அவன் கயிற்றை விட்டு ஓடி வந்து என்னைப் பக்கவாட்டில் திருப்பினான். இன்னொருவன் சாரத்தை மடித்து வைத்து மணிக்கூட்டைப் பார்த்தான். மற்றவர்களும் கயிற்றை விட்டுவிட்டு வரப் பார்த்தார்களாம். காக்கா சத்தம் போட்டிருக்கிறார்.

"அவனுக்கு ரெண்டு பேர் போதும். மத்தவன் எல்லாம் கயித்தப் பிடிங்க. அவன் எழும்பக்குள்ள மடி கரையில நிக்கோணும்."

சொல்லிவிட்டுத் தானே என் இடத்துக்கு வந்து கயிறு சுருட்டியிருக்கிறார்.

எனக்கு நினைவு வரும்போது முதலில் கேட்டது கயிறு இழுக்கிறவர்களின் சத்தம். அக்கா, போன வருசம் கண் திறந்தபோது வேலை எல்லாம் நின்று, ஊரே என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. இந்த முறை பக்கத்தில் இருந்த இரண்டு பேரைத் தவிர ஒருவரும் பார்க்கவில்லை. மற்றவர்களின் முதுகுதான் தெரிந்தது. எனக்குச் சந்தோசத்தில் அழுகை வந்தது. மணல் விழுந்துவிட்டது என்று கண்ணைத் துடைத்தேன்.

மடி வந்தது. மீன் பிரித்தார்கள். நான் சாரத்தில் சாய்ந்திருந்தேன், எழும்பிப் போய்ப் பார்க்கப் பயம். இரண்டு கூறும் புறம்பாகக் கிடந்தன. காக்கா வந்து என் பங்கைக் காட்டினார். கயிற்றுக் கூற்றில் இருந்தது. கயிறு பிடித்த மற்றவர்களுக்கு எவ்வளவோ, அவ்வளவும்.

"காக்கா, நான் பாதியில விழுந்தனான்தானே" என்றேன்.

"தோணில போறவன் தலை சுத்திச் சத்தி எடுத்தா கூற வெட்டுறோமா? எடுத்துட்டுப் போ. மீன் வெயில்ல கிடக்குது."

அஞ்சலினா புளி விட்டுக் காய்ச்சினாள். பூனைக்குத் தலை மட்டும்தான் கிடைத்தது. கிளினிக்குக்கும் போய்ச் சொன்னோம், மருந்தின் அளவைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறார்கள். மனம் லேசாக இருக்கிறது. எல்லா நாளும் இல்லை. பாரமான நாளில் அஞ்சலினாவிடம் சொல்கிறேன், மைமூனா மிஸ்ஸிடமும் போகிறேன்.

இரண்டு விசயம். ஒன்று, இனி ஞாயிற்றுக்கிழமை போனை எடுப்பேன். முகத்தைப் பாருங்கள், முன்பல் இல்லை. இரண்டாவது, உங்கள் பூசையில் என் பேரை வாசிப்பது என்றால், கடல் தொழில் செய்கிறவர்களுக்கான மன்றாட்டில் வாசிக்கச் சொல்லுங்கள்.

நாரியைப் பற்றி இன்னும் நீங்கள் சொல்லவில்லை.

தம்பி
இக்னேசியஸ்

•

பலெர்மோ
13 ஒக்டோபர் 2024, ஞாயிறு

என் அருமைத் தம்பிக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. பின்னேரம் போன் எடுப்பேன். அதற்கு முன் இதை எழுதிவிடுகிறேன், ஏனென்றால் முகம் பார்த்துச் சொல்ல எனக்கு ஏலாது.

பதில் எழுதாமல் இருந்தது நான்தான், தபால் இல்லை. எழும்ப ஏலாமல் இருந்தது என்று எழுதினேனே, சித்திரையில் இருந்து அது திரும்ப வந்துவிட்டது. உனக்கு முதல் வார்த்தை எழுதித் தந்த நாளிலும் நான் கட்டிலில் இருந்துதான் எழுதினேன். எழுதி முடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். ஊருக்கு உபதேசம், எனக்கு இல்லை. பிறகு நீ மணலில் படுத்துக் காட்டியதை வாசித்தேன். அத்தான் உரத்து வாசித்தார், நான் கேட்டேன், திரும்ப வாசிக்கச் சொன்னேன். போன கிழமை டொக்டரிடம் போனோம். நான் நானாக இல்லை என்ற உன் வசனத்தைத்தான் சொன்னேன். இத்தாலியனில் அது இன்னும் நன்றாக இருக்கிறது.

இன்று பூசைக்குப் போனேன். மன்றாட்டு வாசிக்கிற பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். கடல் தொழில் செய்கிறவர்களுக்காக என்ற இடத்தில் "திருகோணமலையில் கயிறு பிடிக்கும் இக்னேசியஸ்" என்று வாசித்தாள். நம்முடைய ஊர்ச் சனம் திரும்பி என்னைப் பார்த்தது. நான் தலையை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன்.

நோயாளிகளுக்கான மன்றாட்டில் நீ இருந்த இடம் வெறுமையாக இருக்க வேண்டாம் என்று என் பேரைக் கொடுத்தேன். "மனச்சோர்வில் இருந்து குணமாகிவரும் மாகிரட்" என்று வாசித்தாள். நாரி என்று சொல்லவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்தபோது நம்முடைய ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஒருத்தி தனக்கும் அப்படித்தான் என்றாள். மற்றவள் மத்தியானத்துக்கு மீன்கறி அனுப்புகிறேன் என்றாள்.

பாரை இல்லைத்தான். ஆனாலும் சாப்பிடுவேன்.

அக்கா
மாகிரட்